வலிக்கிற நாளில் மட்டும்

மியகாவ்
14 பிப்ரவரி 1999

என் செல்லத் தம்பி டெல்ஃபினுக்கு,

அக்கா நெனித்தா எழுதுவது. உடம்புக்கு எப்படி இருக்கிறது? இங்கே நான் சுகம், கோழிகள் சுகம். கடைக்கூரைதான் ஒழுகுகிறது. அதற்கு இப்போதைக்கு ஒரு வாளி வைத்திருக்கிறேன்.

நீ கப்பல் ஏறிப் பன்னிரண்டு நாள் ஆகிறது. பஸ்ஸில் ஏறும்போது நீ திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் இத்தனை நாள் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். நவம்பரிலும் டிசம்பரிலும் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாயே. திருவிழா பேண்டு நம் வாசலில் நின்று வாசித்தபோதுகூட நீ எழுந்திருக்கவில்லை. அந்த டெல்ஃபின் இல்லை இப்போது.

மாத்திரையை வைட்டமின் பாட்டிலில் போட்டுக் கொடுத்தேன் அல்லவா, அதன் லேபிளைக் கிழித்துவிடாதே. மனநோய் மாத்திரை என்று கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சிக்குத் தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் கிடையாது. உனக்குத் தெரியாததா?

இன்னொன்று. இலோயிலோ நகரத்து டாக்டர் கல்வான் தினம் ஒன்று என்றுதான் சொன்னார். பெரிய டாக்டர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் பதினெட்டு வருஷமாக மளிகைக் கடையில் மாத்திரையும் விற்கிறவள் சொல்கிறேன். தலைவலிக்கு வருகிறவர்களுக்கு அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் ஒன்று வெட்டிக் கொடுக்கிறேன். வலி போனதும் யாராவது இரண்டாவது கேட்கிறார்களா? சும்மா இருக்கும்போது மருந்தை விழுங்கினால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நீ முகம் தெளிந்துதானே போனாய்? அதனால் மனசு சரியில்லாத அன்றைக்கு மட்டும் ஒன்று போட்டுக்கொள். மீதியைப் பத்திரமாக வை. பாட்டிலில் அடங்காத மாத்திரைகள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் அனுப்புகிறேன்.

மாதா உன்னைக் கண் பார்க்கட்டும்.

அன்புடன்,
அக்கா


டர்பன் துறைமுகம்
9 மார்ச் 1999

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் போன துறைமுகத்திலேயே கப்பல் ஏஜெண்ட் கையில் கிடைத்தது. நான் நலம். நீயும் கோழிகளும் நலம் என்று அறிந்து சந்தோஷம். கூரைக்கு மழைக்காலம் வரை காத்திருக்காதே.

எஞ்சின் அறையில் சூடு வழக்கம்போல. நீ சொன்னபடியே மாத்திரையைக் குறைத்துவிட்டேன். அதன் பிறகு நான்குதான் போட்டேன். முன்பு இருந்த குமட்டலும் இல்லை.

ஒரு கூத்து நடந்தது. என் அறைக்கூட்டாளி ரொமுலோ வைட்டமின் பாட்டிலைப் பார்த்துவிட்டான். "ஏண்டா, தனியா ஒளிச்சு வச்சுத் திங்கிறியா? ஆளுக்கு ரெண்டு குடு" என்று கையை நீட்டினான். நம் ஆட்களிடம் வைட்டமினை இல்லை என்று சொல்ல முடியுமா? "அது வைட்டமின் இல்லடா, மலச்சிக்கல் மாத்திரை" என்று சொல்லித் தப்பித்தேன். அன்றிலிருந்து சமையல்காரர் வேளாவேளைக்கு என் தட்டில் பப்பாளி வைக்கிறார். கப்பலில் இருக்கும் இருபத்திரண்டு பேரும் காலையில் என்னைப் பார்த்து, "இன்னைக்கு ஆச்சா?" என்று அக்கறையாக விசாரிக்கிறார்கள்.

வேறு விசேஷம் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி டெல்ஃபின்


மியகாவ்
5 ஏப்ரல் 1999

அன்புத் தம்பிக்கு,

நேற்று ஈஸ்டர். உன் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. நீ எப்படி இருக்கிறாய்?

பப்பாளிக் கதையைக் கடையில் நின்றே படித்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் சர்க்கரை எடை தப்பிப் போனது.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கோபிக்காதே. பக்கத்து வீட்டு பெர்லித்தா, புருஷன் தவறிப்போன பிறகு அழுதுகொண்டே இருந்தாள் அல்லவா? "நெனித்தா, துக்கத்துக்கு ஏதாச்சும் மாத்திரை வச்சிருக்கியா?" என்று கேட்டு வந்தாள். மனசு கேட்கவில்லை. உன் மாத்திரையில் நான்கு வெட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை. மூன்றாம் நாள் கடைக்கு முன்னால் நின்று கத்துகிறாள்: "உன் தம்பி மாத்திரை சுத்த தண்டம்! வயித்தைப் புரட்டுது, நெஞ்சு படபடங்குது, அழுகை மட்டும் அப்படியே இருக்கு!" நானும் விடவில்லை. "உனக்குக் குடுத்தேனே, என்னைச் சொல்லணும். அது நகரத்து மாத்திரை, உன் வயித்துக்கு ஒத்துக்கல" என்றேன். இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

உன் கடிதம் ஏன் ஒரு பக்கத்தோடு நின்றுவிட்டது? முன்பெல்லாம் எஞ்சின் அறைப் பல்லிக்குக்கூடப் பேர் வைத்து எழுதுவாயே.

நீ நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நீளமாக எழுது.

அக்கா


சாண்டோஸ் துறைமுகம்
11 மே 1999

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நீயும் நலமாக இருக்க வேண்டும். முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடு.

பெர்லித்தாவுக்குக் கொடுத்ததில் எனக்கு வருத்தமில்லை. மீதியை அனுப்ப வேண்டாம். ஏப்ரலில் சில நாள் தொடர்ந்து போட்டுப் பார்த்தேன், அப்புறம் மொத்தமாக நிறுத்திவிட்டேன். கண்ணைத் திருப்பினால் தலைக்குள் சின்னதாக மின்சாரம் பட்டதுபோல ஒரு வெட்டு வந்தது. எஞ்சின் சத்தத்தால் இருக்கும். இப்போது அதுவும் போய்விட்டது.

இங்கே சோயா ஏற்றிக்கொண்டு கொரியாவில் இஞ்சோன் துறைமுகத்துக்குப் போகிறோம். நாற்பது நாளுக்கு மேல் ஆகும். நடுவில் தபால் கிடையாது.

வீட்டில் இருக்கும் என் கிதாரைக் கோயில் பாடகர் குழுவுக்குக் கொடுத்துவிடு. எனக்கு இனி தேவைப்படாது. கறுப்புக் காலணியை யாருக்குப் பொருந்துகிறதோ கொடு.

நீ எனக்குச் செய்தது எல்லாம் நினைவிருக்கிறது அக்கா. அம்மா இருந்திருந்தாலும் அவ்வளவு செய்திருக்க மாட்டாள்.

டெல்ஃபின்


மியகாவ்
2 ஜூன் 1999

டெல்ஃபின்,

நலம் விசாரிப்பதெல்லாம் கடைசியில். முதலில் இதைப் படி.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கிதார் என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். முதல் சம்பளத்தில் வாங்கிய கிதார் அது. நான் அதன் மேல் துணி மடித்து வைத்தால்கூடச் சண்டைக்கு வருவாய்.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு இலோயிலோவுக்குப் போனேன். டாக்டர் கல்வான் என்னைப் பார்த்ததும், "தம்பி மாத்திரையை எப்படிச் சாப்பிடுறார்?" என்றார்.

"மனசு சரியில்லாதப்போ ஒண்ணு."

"அப்படின்னு யார் சொன்னது?"

"நான்தான் டாக்டர்."

பேனாவைக் கீழே வைத்தார். "ரத்தக்கொதிப்பு இருக்கிறவங்க தலை சுத்துற அன்னைக்கு மட்டுமா மாத்திரை போடுறாங்க?"

"எங்க கடைக்கு வர்றவங்க அப்படித்தான் போடுறாங்க."

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். பெர்லித்தா கதையையும் சொன்னேன். ஒளித்து என்ன பயன்? "அந்தம்மா வேற என்ன மருந்து சாப்பிடுறாங்கன்னு கேட்டீங்களா?" என்றார். கேட்கவில்லை. இனிமேல் ஒருத்தர் மருந்தை இன்னொருத்தருக்குக் கொடுத்தால் என் கடைக்கே வந்து கத்தரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டு போவதாகச் சொன்னார். அவர் சொன்னால் செய்வார்.

தம்பி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரியாமலே உனக்குப் புத்தி சொல்லிவிட்டேன். இது வலி மாத்திரை இல்லையாம். போட்ட அன்றைக்கு ஒன்றும் செய்யாதாம். தினமும், ஒரே நேரத்தில், விடாமல் போட்டால் இரண்டு வாரத்தில் லேசாகத் தெரிய ஆரம்பித்து, முழுசாக வேலை செய்ய ஆறு வாரம்கூட ஆகுமாம். முதலில் வருவது குமட்டலும் படபடப்பும்தான், நல்லது பின்னால்தான் வருமாம். அதனால்தான் பெர்லித்தாவுக்கு வாந்தி மட்டும் கிடைத்தது. நல்லாகிவிட்டது என்று தோன்றும்போது நிறுத்தக் கூடாதாம். அந்த நல்லதே மாத்திரையால் வந்தது. அதன் பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும், விடும்போதும் டாக்டரைக் கேட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும். திடீரென்று விட்டால் தலைக்குள் மின்சாரம் வெட்டுமாம். நான் உன் கடிதத்தைக் காட்டினேன். "எஞ்சின் சத்தம் இல்லை, இதுதான்" என்றார்.

உடம்பு இதற்கு அடிமையாகிவிடுமா என்று கேட்டேன். சாராயம்போல இன்னும் இன்னும் கேட்காது, சட்டென்று விட்டால் முரண்டு பிடிக்கும், அவ்வளவுதான் என்றார். மாத்திரை சாப்பிடும் வரைக்கும் சாராயத்தைத் தொடவே வேண்டாம் என்றும் சொன்னார்.

நீ பல நாள் விட்டுவிட்டதால் நீயாகப் பழைய அளவில் ஆரம்பிக்காதே. துறைமுகத்தில் ஒரு டாக்டரைப் பார்த்து, குறைந்த அளவில் தொடங்க வேண்டும். மாத்திரையின் பெயரும் அளவும் எழுதிய டாக்டர் கல்வானின் சீட்டு இதோடு இருக்கிறது.

இன்னொன்று கேட்கச் சொன்னார். சுற்றி வளைக்காமல் கேட்க வேண்டுமாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாதாம். கேட்கிறேன். நீ செத்துப் போகலாம் என்று நினைக்கிறாயா?

ஆமாம் என்றால் இந்தக் கடிதத்தை மடிப்பதற்கு முன்னால் எழுந்து போய்க் கப்பலில் யாரிடமாவது சொல். வேலை போனால் போகட்டும்.

கிதாரை யாருக்கும் கொடுக்கவில்லை.

நீ நலமா? நான் நலமில்லை.

அக்கா


மியகாவ்
20 ஜூன் 1999

டெல்ஃபின்,

சென்ற கடிதத்தைப் பிரதி எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். இதுவும் இஞ்சோன் ஏஜெண்ட் முகவரிக்குத்தான். ஒன்று தொலைந்தால் மற்றது கிடைக்கட்டும்.

நீ இப்போது நடுக்கடலில் இருப்பாய் என்று தெரியும். பதில் வர வழியே இல்லை என்றும் தெரியும். இருந்தாலும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலுக்குப் போய்விடுகிறேன். "இன்னைக்கும் இல்லம்மா" என்று அவர் தெருமுனையிலேயே கையை ஆட்டிவிடுகிறார்.

பெர்லித்தாவிடம் நானே போய் மன்னிப்புக் கேட்டேன். எனக்காக ஜெபமாலை சொல்கிறாள். உனக்காகவும்.

இரு. அது போதும்.

அக்கா


இஞ்சோன்
29 ஜூன் 1999

அன்புள்ள அக்கா,

உன் இரண்டு கடிதங்களும் ஒன்றாகக் கிடைத்தன. ஊர்த் தொலைபேசி நிலையத்துக்கு இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தேன், வழக்கம்போல யாரும் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டாக்டர் கேட்கச் சொன்ன கேள்விக்குப் பதில்: ஆமாம்.

ஏப்ரல் கடைசியிலிருந்து. சாண்டோஸ் கடிதத்தைக் கடைசிக் கடிதம் என்று நினைத்துத்தான் எழுதினேன். அதற்குப் பிறகு வந்த நாற்பத்தைந்து நாளைப் பற்றி நேரில் சொல்கிறேன். ரொமுலோவுக்கு எதுவும் தெரியாது, ஆனால் வேலை முடிந்ததும் என்னை விடவே மாட்டான். "வாடா, பாட்டுப் பாடலாம்" என்று கரோக்கே பெட்டி முன்னால் தள்ளிக்கொண்டு போவான். எனக்கு அவன் மேல் அவ்வளவு எரிச்சல். அவன் பாட்டைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொரு நாளாகப் போய்விட்டது.

உன் கடிதத்தை மடிக்கவில்லை. கையில் பிடித்தபடியே மருந்துப் பெட்டிக்குப் பொறுப்பான இரண்டாம் அதிகாரியிடம் போனேன். கடிதத்தையே நீட்டினேன். அவர் படித்துவிட்டு, "உக்காரு" என்றார். பிறகு கேப்டன் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "டெல்ஃபின், நான் இதைக் காகிதத்துல எழுதித்தான் ஆகணும், கம்பெனிக்குப் போகும். அது உனக்குத் தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். "சரி, சாப்பிட்டியா?" என்றார். அப்போதுதான் அழுதேன்.

இங்கே ஒரு கொரிய டாக்டர் பார்த்தார். அவருக்கு நம் பேச்சு தெரியாது. சீட்டைப் படித்துவிட்டு, காகிதத்தில் நாட்காட்டி வரைந்து, முதல் வாரக் கட்டங்களில் அரை மாத்திரை வரைந்தார், அடுத்த வாரத்திலிருந்து முழு மாத்திரை. ஆறாவது வாரத்தில் ஒரு சிரிக்கிற முகம் வரைந்து, உடனே அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறியும் போட்டார். நேர்மையான மனிதர்.

மாத்திரை இப்போது என் கையில் இல்லை. தினமும் காலையில் இரண்டாம் அதிகாரிதான் ஒன்று எடுத்துக் கொடுக்கிறார். வெள்ளிக்கிழமை விமானத்தில் மணிலாவுக்கு அனுப்புகிறார்கள், ரொமுலோவைத் துணைக்கு வைத்து. கம்பெனி டாக்டர் பார்க்கும்வரை மாலுமிகள் விடுதியில் இருப்பேன்.

உன் மேல் கோபம் இல்லை. நான் உன் பேச்சைக் கேட்டது எனக்கும் அதுவே வசதியாக இருந்ததால்தான். தினமும் விழுங்கினால் நான் தினமும் நோயாளி. எப்போதாவது போட்டால் எப்போதாவதுதானே?

முழங்காலைப் பார்த்துக்கொள்.

டெல்ஃபின்


மியகாவ்
7 ஜூலை 1999

என் தம்பிக்கு,

இந்தக் கடிதத்தை மணிலா விடுதிக்கு அனுப்புகிறேன். நீ இஞ்சோனிலிருந்து எழுதியது இன்னும் வந்து சேரவில்லை. நீ மணிலாவில் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா?

திங்கள்கிழமை ஏஜென்சி அலுவலகத்துக்குப் போனேன். உன் ரகசியத்தைப் போட்டு உடைக்கத்தான். நாற்காலியில் உட்கார்ந்தேன். சுற்றிலும் கோப்போடு காத்திருக்கிற நாற்பது ஆம்பிளைகள். குமாஸ்தாப் பெண் "என்ன விஷயம்?" என்றாள். "சும்மா, கப்பல் எங்க இருக்குன்னு கேக்க வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஊர் திரும்பும் ஜீப்னி வண்டியில் ஏறியும் உட்கார்ந்துவிட்டேன். பிறகு இறங்கித் திரும்பிப் போய், எல்லார் முன்னாலும் சத்தமாகச் சொன்னேன்: "என் தம்பிக்கு மனசு சரியில்ல, மாத்திரையை ஒளிச்சு வச்சிருக்கான், அவன் உயிரோட இருக்கானான்னு பாருங்க!"

அந்தப் பெண் எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அக்கா, எங்களுக்கு முந்தின வாரமே தெரியும். உங்க தம்பியே சொல்லிட்டார். மணிலாவுக்கு வந்து சேர்ந்துட்டார், நல்லாயிருக்கார். உங்களுக்குத் தகவல் சொல்ல ஆள் அனுப்பணும்னு இருந்தோம்." அந்த அலுவலகத் தரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமே இல்லாமல்.

நல்லபடியாக வந்து சேர். ஊரில் உனக்கு முதுகுவலி என்று சொல்லி வைத்திருக்கிறேன். பெர்லித்தாவும் வாயைத் திறக்க மாட்டாள். எஞ்சின் அறையில் பாரம் தூக்கி நரம்பு பிசகிவிட்டது என்று விவரமாகவே சொல்லிவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்சம் மெதுவாக இறங்கு.

உனக்குப் பிடித்த கருவாடு வாங்கி வைத்திருக்கிறேன். தினம் மாத்திரை போடுகிறாயா?

அக்கா


மணிலா
12 ஆகஸ்ட் 1999

அன்புள்ள அக்கா,

நலம். இந்த முறை நிஜமாகவே எழுதுகிறேன், ஓரளவு நலம்.

ஆறு வாரம் தாண்டிவிட்டது. எப்படி இருக்கிறது என்று கேட்பாய். சந்தோஷமாக இல்லை. மாத்திரை சந்தோஷம் தருவதில்லை. நேற்று காலையில் எழுந்து பல் விளக்கி, சட்டை துவைத்து, காயப் போட்டேன். போட்ட பிறகுதான் கவனித்தேன், எழுந்திருக்கும்போது நான் என்னோடு சண்டை போடவே இல்லை. அவ்வளவுதான் மாற்றம். எனக்கு அது பெரிது. முதல் இரண்டு வாரம் வயிறு படாதபாடு பட்டது, தூக்கம் துண்டு துண்டாக வந்தது. இப்போது வியர்வை மட்டும் அதிகம்.

கம்பெனி டாக்டர் வாராவாரம் வரச் சொல்லிப் பேசுகிறார். இந்த வருஷம் கப்பல் இல்லை என்று எழுதிவிட்டார். அதற்கப்புறம் யாராவது எடுப்பார்களா என்று கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அன்று முழுக்க நெஞ்சு கனத்தது. மறுநாளும் மாத்திரையைப் போட்டேன்.

மாதக் கடைசியில் படகு ஏறுகிறேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்க மாட்டேன் அக்கா. கப்பலில் மலச்சிக்கல், ஊரில் முதுகுவலி, இன்னும் எத்தனை நோய்க்கு நான் நடிக்க வேண்டும்? நாற்பது ஆம்பிளைகள் முன்னால் சொன்னவள் நீ. அவர்களை நீ திரும்பப் பார்க்கப் போவதில்லை, அதனால் சுலபம். உன் கடை ஜன்னலில் நின்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் நான் கொஞ்ச நாள் மணிலாவிலேயே இருக்கிறேன். கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. அந்த வீட்டில் மறுபடி ஒளிந்து படுத்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

பதில் எழுது.

டெல்ஃபின்


மியகாவ்
20 ஆகஸ்ட் 1999

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். கடிதம் நேற்று வந்தது. முதலில் கோபம் வந்தது. ஊரில் இருந்து காலம் தள்ளுகிறவள் நான், இவனுக்கென்ன என்று நினைத்தேன். ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

இன்று காலையில் செர்வாண்டோ மனைவி ஒஃபேலியா வந்தாள். அவளைத் தெரியும்தானே, அவள் புருஷனும் கப்பலில் பெரிய வேலையில் இருந்துவிட்டு முதுகுவலி என்று பாதியில் திரும்பியவர். ஒஃபேலியாவிடம் ஒரு சேதி போனால் மத்தியானத்துக்குள் கோயில் மணிக்கூண்டு வரை போய்விடும். வழக்கம்போலச் சோயா சாஸ், உப்பு, தைலம் வாங்கினாள். "உன் தம்பிக்கு முதுகு எப்படி இருக்கு?" என்றாள்.

வாயில் பதில் தயாராக இருந்தது. அதை விழுங்கிவிட்டுச் சொன்னேன்: "முதுகுக்கு ஒண்ணுமில்ல ஒஃபேலியா. நான் பொய் சொன்னேன். அவனுக்கு மனச்சோர்வு நோய். கப்பல்ல ரொம்ப மோசமாயிட்டான். தினம் மாத்திரை சாப்பிடுறான், தேறிட்டு வர்றான்."

அவள் வாங்கிய சாமானோடு ஜன்னலிலேயே நின்றாள். பின்னால் வினிகர் வாங்க ஒருத்தி வந்தாள். "கொஞ்சம் அப்புறமா வா" என்று ஒஃபேலியாவே அவளை அனுப்பிவிட்டாள். பிறகு ஜன்னல் கம்பிக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் சொன்னாள்:

"என் வீட்டுக்காரருக்கும் முதுகுக்கு ஒண்ணுமில்ல நெனித்தா. ஆறு வருஷமா சுவரைப் பாத்துப் படுத்திருக்கார். அந்த டாக்டர் பேர் என்ன?"

எழுதிக் கொடுத்தேன். திங்கள்கிழமை செர்வாண்டோவோடு நானும் போகிறேன், வழி எனக்குத்தான் தெரியும்.

நீ நம் வீட்டுக்கே வா. நிமிர்ந்தே இறங்கு.

டெல்ஃபின், ஆறு வருஷமாக அந்த முதுகுக்கு நான்தான் தைலம் விற்றுக்கொண்டிருந்தேன்.

உன் அக்கா
நெனித்தா